மருந்துப்போலியும் இரத்தச் சர்க்கரையும்

மருந்துப்போலி என்பது மருந்தைப் போலவே தோற்றமும் நிறமும் சுவையும் கொண்டு, ஆய்வுக்குரிய மருந்துப்பொருள் மட்டும் இல்லாமல் தயாரிக்கப்படும் மாத்திரை, குளிகை, பொடி அல்லது ஊசி ஆகும். வலி, குமட்டல், தூக்கமின்மை போன்ற தொல்லைகளில் மருந்துப்போலி உண்டவர்களும் ஓரளவு நலம் பெற்றதாகக் கூறுவது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆனால் இரத்தச் சர்க்கரை, நோயாளி சொல்வதைக் கேட்டு அறியப்படுவதன்று. கருவியால் அளக்கப்படும் எண். ஒன்றுமில்லாத மாத்திரை அந்த எண்ணை அசைக்குமா என்ற கேள்வி நீரிழிவு மருத்துவ வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அதற்கான முக்கியமான சான்றுகளில் சில தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்துள்ளன.

வட்டாரப் பின்னணி

விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. திண்டிவனம் இம்மாவட்டத்தின் வட பகுதியில், சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் ஊர். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் வட்டாரம் இது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை ஒன்று உள்ளது. 2010இல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அதே ஊரில்தான் இயங்குகின்றன. கரும்பை ஆலைக்கு ஏற்றிவிடும் ஊருக்கே இரத்தத்தில் சர்க்கரை கூடியவர்களும் வந்து சேர்கிறார்கள்.

நீரிழிவு நகரத்து நோய் என்ற எண்ணம் இப்பகுதியில் வெகுகாலம் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவுகள் 2011இல் வெளியாயின. அதன்படி தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் வயதுவந்தோரில் 13.7 விழுக்காட்டினருக்கும் ஊர்ப்புறத்தில் 7.8 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. 2023இல் வெளியான முழு அறிக்கையில் தமிழ்நாட்டின் மொத்த அளவு 14.4 விழுக்காடு. வீட்டுக்கு ஒருவர் என்ற நிலையை நோக்கி நோய் நகரும்போது, வீட்டுக்கு ஒரு கைமருந்தும் புழக்கத்துக்கு வருவது இயல்பு. ஆவாரம்பூக் கசாயம், சிறுகுறிஞ்சான் பொடி, நாவல்கொட்டைப் பொடி, வேங்கை மரக் குவளையில் இரவு ஊறவைத்த தண்ணீர் ஆகியவை இவ்வட்டாரத்திலும் கேட்கக் கிடைப்பவையே. இவற்றால் சர்க்கரை இறங்கியது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எண் உண்மையிலேயே இறங்கியிருக்கும். இறக்கியது எது என்பதே கேள்வி. விடை தவறாகிவிட்டால் அதன் விலை சிறியதன்று: இலையை நம்பி இன்சுலினை நிறுத்துபவர் சில நாட்களிலேயே உயிராபத்தான நிலைக்குப் போகக்கூடும்.

மருந்துப்போலி என்னும் கருத்தின் வரலாறு

ஆங்கிலத்தில் மருந்துப்போலியைக் குறிக்கும் ‘பிளாசிபோ’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘நான் மகிழ்விப்பேன்’ என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நோயாளியின் மனம் நோகாமல் இருப்பதற்காகத் தரப்படும் மருந்து என்ற பொருளில் இது மருத்துவ அகராதிகளில் இடம்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில், 1799இல், ஜான் ஹேகார்த் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு சோதனை செய்தார். உடலின் மேல் தடவினால் நோவு தீரும் என்று அன்று பெருவிலைக்கு விற்கப்பட்ட உலோகக் கோல்களுக்குப் பதிலாக, அவற்றைப் போலவே வண்ணம் பூசிய மரக் கோல்களைப் பயன்படுத்தினார். மரக் கோலிலும் நோயாளிகள் குணமடைந்தார்கள். விற்பவரின் புகழ் குறைந்தது.

1955இல் அமெரிக்க மருத்துவர் என்றி பீச்சர், 15 ஆய்வுகளில் இருந்த 1,082 நோயாளிகளைக் கணக்கிட்டு, ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் மருந்துப்போலியால் நலம் பெற்றதாக எழுதினார். ‘மூவரில் ஒருவர்’ என்று இன்றும் மேடைகளில் சொல்லப்படும் கணக்கு அங்கிருந்து வந்தது. பீச்சர் செய்த பிழை, மருந்துப்போலி உண்ட பிறகு வந்த நலம் அனைத்தையும் மருந்துப்போலியால் வந்த நலமாக எழுதியது. தானே தணியும் நோயையும் அவர் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், மருந்துப்போலி பெற்ற குழுவை எதுவுமே பெறாத இன்னொரு குழுவுடன் ஒப்பிட வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த உரோபியார்ட்சன், கோட்சே ஆகிய இருவரும் அவ்வாறு மூன்றாவது குழு கொண்ட ஆய்வுகளைத் தேடித் திரட்டினர். 114 ஆய்வுகளின் தரவுகளைக் கொண்டு அவர்கள் 2001இல் வெளியிட்ட முடிவின்படி, வலி போன்று நோயாளியே மதிப்பிடும் தொல்லைகளில் மருந்துப்போலிக்குச் சிறு பயன் தென்பட்டது. கருவியால் அளக்கப்படும் அளவுகளில் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. இரத்தச் சர்க்கரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மாத்திரைக்குள் இருப்பது

மருந்துப்போலியில் ஒன்றுமே இல்லை என்பது சரியன்று. மாத்திரையை உருட்ட ஏதோ ஒரு பொருள் வேண்டும். பால் சர்க்கரையான லாக்டோசு, மாவுச்சத்து, மரநார்த் தூள், எண்ணெய் ஆகியவை வழக்கமானவை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் நான்கு முன்னணி இதழ்களில் வெளிவந்த 167 ஆய்வுகளைப் பிட்ரைஸ் கோலோம்ப் குழுவினர் சரிபார்த்தபோது, மாத்திரை வடிவ மருந்துப்போலி பயன்பட்ட ஆய்வுகளில் 8.2 விழுக்காடு மட்டுமே அதில் என்ன இருந்தது என்று சொல்லியிருந்தன. எதனோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாமல் ஒப்பீட்டு முடிவை மட்டும் வெளியிடுவது விந்தையான பழக்கம். ஆனால் அது மருத்துவ உலகின் பொதுவழக்காக இருந்துள்ளது.

ஆகவே சர்க்கரையால் செய்த போலி மாத்திரை சர்க்கரையைக் கூட்டிவிடாதா என்று கேட்பது நியாயமே. கணக்கு எளியது. வயதுவந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால், ஓடும் இரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோசு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. மாத்திரை ஒன்றில் 300 மில்லிகிராம் லாக்டோசு இருந்தால் அதில் குளுக்கோசு பாதிதான். அதுவும் இரத்தத்தோடு நில்லாமல் உடல் நீர் முழுவதும் பரவும். வீட்டில் வைத்திருக்கும் சர்க்கரை அளக்கும் கருவியால் இந்த ஏற்றத்தைக் காட்டவே முடியாது. அந்த மாத்திரையோடு குடிக்கும் தேநீரில் போடும் இரண்டு கரண்டிச் சர்க்கரை 10 கிராம்.

மாத்திரையை விட்டு இலேகியத்துக்கும் சூரணத்துக்கும் வந்தால் கணக்கு மாறுகிறது. கருப்பட்டியும் தேனும் சேர்த்துக் கிளறிய இலேகியத்தை நெல்லிக்காய் அளவு எடுத்துக்கொண்டால் அதில் பெரும்பங்கு சர்க்கரையாகவே இருக்கும். அதற்கு ஒப்பாகச் செய்யப்படும் போலி இலேகியமும் அப்படித்தான் இருக்கும். மறுபுறம், உணவுக்கு முன் கரண்டிக் கணக்கில் உண்ணும் நார்ப்பொடி உணவின் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தி, உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைச் சற்றுக் குறைக்கவல்லது. இசப்கோல் உமி இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. எனவே மூலிகைப் பொடிக்கு ஒப்பாக ஏதோ ஒரு உமியை அரைத்துத் தந்தால் அது மருந்துப்போலி ஆகாது, இன்னொரு மருந்தாகிவிடும்.

எண் தானாக இறங்குவது

மருந்துப்போலியின் வெற்றியாகத் தோன்றும் பலவற்றுக்கு மனத்தோடு தொடர்பே இல்லை. வீட்டுக் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரக்கட்டளை, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 விழுக்காடு வரை முன்பின்னாகக் காட்டுவதை ஏற்கிறது. உண்மையில் 200 இருப்பவருக்கு 170 என்றும் வரலாம், 230 என்றும் வரலாம். இதோடு முந்திய இரவு உணவு, தூக்கம், காய்ச்சல், கவலை ஆகியவற்றால் நாளுக்கு நாள் வரும் ஏற்றத்தாழ்வும் சேரும்.

ஒருவர் புதிய மருந்தைத் தேடிப் போவது எந்த நாளில் என்பதையும் பார்க்க வேண்டும். 160 என்று வந்த வாரத்தில் யாரும் பதறுவதில்லை. 280 என்று வந்த வாரத்தில்தான் பக்கத்து ஊர் வைத்தியரைப் பற்றிச் சொன்னவரின் நினைவு வருகிறது. வழக்கத்தைவிட உயர்ந்த ஓர் அளவுக்குப் பின் எடுக்கும் அடுத்த அளவு, எதுவும் செய்யாவிட்டாலும், வழக்கத்தை ஒட்டித் திரும்பும் வாய்ப்பே மிகுதி. பிரான்சிசு கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து விளக்கிய சராசரிக்குத் திரும்பும் போக்கு இதுதான். இடையில் எதை உண்டாரோ அதற்குப் பெயர் போய்விடும். 280 கண்டு பயந்தவர் அந்த வாரமே பலகாரத்தை நிறுத்தி, காலையில் நடக்கவும் தொடங்கியிருப்பார். அதன் பயனும் பொடியின் கணக்கிலேயே வரவாகும்.

மருந்துப்போலிக் குழு வைத்து ஆய்வு செய்வதன் முதன்மையான பயன் இதுதான். மருந்துக் குழுவுக்கு நேர்ந்த தற்செயல், பயம், நடை, உணவுக் கட்டுப்பாடு அனைத்தும் மருந்துப்போலிக் குழுவுக்கும் அதே அளவில் நேரும். கழித்தபின் எஞ்சுவது மட்டுமே மருந்துடையது.

அவ்வாறு கழித்ததால் கிடைத்த அதிர்ச்சிக்கு அமெரிக்காவின் பல்கலைக்கழகக் குழு நீரிழிவுத் திட்டம் சான்று. 1960களில் தொடங்கிய அந்த ஆய்வில், அன்று பரவலாகத் தரப்பட்ட டால்பியூட்டமைடு மாத்திரை பெற்ற 204 பேரில் 26 பேரும், மருந்துப்போலி பெற்ற 205 பேரில் 10 பேரும் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்ததாக 1970இல் வெளியிடப்பட்டது. அந்த முடிவு பற்றிய சச்சரவு பல ஆண்டுகள் நீடித்தது. சர்க்கரையை இறக்கும் மாத்திரை உயிரையும் காக்கும் என்ற அனுமானத்தைச் சோதிக்க வேண்டியிருக்கிறது என்பதை உணர்த்தியது ஒன்றுமில்லாத மாத்திரைதான்.

சென்னை ஆய்வுகள்

தமிழ்நாட்டில் நீரிழிவுக்கென்று தனி மருத்துவமனை 1954இல் சென்னை இராயபுரத்தில் மருத்துவர் எம். விசுவநாதனால் நிறுவப்பட்டது. அம்மரபில் வந்த மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் இரு ஆய்வுகள், மருந்துப்போலி குறித்த கேள்விக்கு நேரடியான வெளிச்சம் தருகின்றன.

முதல் ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. நீரிழிவு இன்னும் வராமல், ஆனால் குளுக்கோசு குடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பின் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்து நிற்கும் 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழு, உணவு, நடைப்பயிற்சி வழிகாட்டல் பெற்ற குழு, மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற குழு, இரண்டையும் பெற்ற குழு என்பன அவை. மூன்று ஆண்டுகளில் முதல் குழுவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. மற்ற மூன்றிலும் வந்தது முறையே 39.3, 40.5, 39.5 விழுக்காட்டினருக்கு. வழிகாட்டலும் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. இந்த ஆய்வில் மருந்துப்போலி பயன்படுத்தப்படவில்லை.

இரண்டாம் ஆய்வில் அது பயன்படுத்தப்பட்டது. அதே நிலையில் இருந்த 407 பேர் சேர்க்கப்பட்டனர். உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் அனைவருக்கும் தரப்பட்டது. அதற்கு மேல் ஒரு பாதியினருக்குப் பயோகிளிட்டசோன் மாத்திரை, மறு பாதியினருக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது. 2009இல் வெளியான முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. மூன்று ஆண்டுகளில் பயோகிளிட்டசோன் உண்டவர்களில் 29.8 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 31.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. புள்ளியியல் நோக்கில் இரண்டும் ஒன்றே. வெற்று மாத்திரை உண்டவர்களில் மூவரில் ஒருவர் அளவுக்கு இயல்பான சர்க்கரை நிலைக்கே திரும்பியிருந்தனர்.

பயோகிளிட்டசோன் பயனற்ற மருந்தன்று. அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான இன்னொரு மருந்துப்போலி ஆய்வில் அது நீரிழிவு வரும் வாய்ப்பை 72 விழுக்காடு குறைத்தது. சென்னையில் அது தோற்றதற்கு இனவழி வேறுபாடு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். மருந்துப்போலியின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. முதல் ஆய்வில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆயினர். இரண்டாம் ஆய்வின் வெற்று மாத்திரைக் குழுவில் அது 31.6. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைப்பதில் எச்சரிக்கை தேவை. ஆயினும் இந்த இடைவெளியை வெற்று மாத்திரையின் கணக்கில் எழுதுவதற்கு வழியில்லை. அந்த மாத்திரையோடு உணவுப் பட்டியலும், நடக்கச் சொல்லும் ஆளும், அடுத்த பரிசோதனைக்கான நாளும் சேர்ந்தே வந்தன. முதல் ஆய்வில் மாத்திரையே இல்லாமல் வழிகாட்டல் மட்டும் பெற்றவர்களும் நல்ல பயன் கண்டிருந்தனர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

2002இல் முடிவு வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டமும் இதையே வேறு வழியில் காட்டியது. 3,234 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், வெற்று மாத்திரையும் பொதுவான அறிவுரையும் பெற்றவர்களில் ஆண்டுக்கு நூற்றில் 11 பேர் நோயாளிகள் ஆயினர். மெட்ஃபார்மின் பெற்றவர்களில் 7.8 பேர். தீவிரமான வாழ்முறை வழிகாட்டல் பெற்றவர்களில் 4.8 பேர். வழிகாட்டல் மெலிந்த இடத்தில் வெற்று மாத்திரை யாரையும் காக்கவில்லை.

இராமச்சந்திரன் குழுவினர் பின்னர் மாத்திரையையே விட்டுவிட்டு, கைப்பேசிக் குறுஞ்செய்தியைக் கொண்டு சோதித்தனர். தமிழ்நாடு உள்ளிட்ட தென்கிழக்கு இந்தியப் பகுதிகளில் வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு உணவு, உடற்பயிற்சி குறித்த செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. 2013இல் வெளியான முடிவின்படி செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. குறுஞ்செய்தியில் மருந்துப்பொருள் இல்லை. ஆனால் அதை மருந்துப்போலி என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் அது சொல்லும் வேலையைச் செய்தவருக்கே பயன்.

சிறுகுறிஞ்சானும் மறைக்க முடியாத சுவையும்

மூலிகை மருந்துகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் படரும் சிறுகுறிஞ்சான் கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். இதன் இலையை மென்றபின் வெல்லத்தை வாயில் போட்டால் மண்ணைத் தின்பது போல இருக்கும். இலையிலுள்ள சிம்னிமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்விகளைச் சிறிது நேரம் மறைத்துக்கொள்வதே காரணம். இந்தப் பண்பு 1847இலேயே இலண்டன் இலின்னேயக் கழகத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது.

நாவில் இனிப்பைக் கொன்ற இலை இரத்தத்திலும் அதைக் கொல்லும் என்று நம்புவதற்கு இதைவிட வலுவான நேர்க்காட்சி வேண்டியதில்லை. நம்பிக்கையை ஊட்டும் ஆற்றலில் எந்த வெற்று மாத்திரையும் இதற்கு ஈடாகாது. ஆய்வாளருக்கு இதுவே இடர். இலையை மென்றவருக்குத் தாம் உண்டது உண்மை மருந்து என்று உடனே தெரிந்துவிடும்; போலி இலை எதுவும் அவரை ஏமாற்றாது. குளிகைக்குள் அடைத்து நாவில் படாமல் விழுங்கச் செய்தால் மட்டுமே சமமான ஒப்பீடு நடக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் இந்த இலையின் சாற்றைக் கொண்டு செய்த இரு ஆய்வுகள் 1990இல் வெளியாயின. ஒன்றில் இன்சுலின் சார்ந்த 27 நோயாளிகளும், மற்றொன்றில் மாத்திரை உண்டுவந்த 22 நோயாளிகளும் வழக்கமான மருத்துவத்தோடு நாளுக்கு 400 மில்லிகிராம் சாற்றையும் எடுத்துக்கொண்டனர். முதல் குழுவில் இன்சுலின் தேவை குறைந்ததாகவும், இரண்டாம் குழுவில் 5 பேர் மாத்திரையை நிறுத்த முடிந்ததாகவும் தெரிவிக்கப்பட்டது. உலகெங்கும் சிறுகுறிஞ்சான் குளிகை விற்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இவற்றைத்தான். இரண்டிலும் ஒப்பீட்டுக்கு இருந்தவர்கள் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள். போலிக் குளிகை பெற்ற குழு இல்லை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆய்வாளரின் கவனத்தில் இருந்த நோயாளிகளுக்கு வந்த நலத்தில், சாற்றின் பங்கு எவ்வளவு, கவனத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த வடிவமைப்பால் பிரிக்க இயலாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வேங்கை மரத்தைக் கொண்டு நடத்தி 1998இல் வெளியிட்ட பன்மைய ஆய்விலும் இதே குறை உண்டு. புதிதாக நீரிழிவு கண்ட 97 பேரில் 67 பேருக்கு 12 வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. புதிதாக நோய் கண்டவர் என்பதே முக்கியமான செய்தி. அதிர்ச்சியில் உணவை மாற்றிக்கொள்ளும் காலம் அது. வேங்கை வேலை செய்யவில்லை என்று இதனால் ஆகாது. வேலை செய்தது என்று காட்டும் ஏற்பாடு அந்த ஆய்வில் இல்லை.

மனம் சர்க்கரையைத் தொடும் வழிகள்

மேலே சொன்னவை அனைத்தையும் கழித்தபின்னும் மனத்துக்கு ஒரு சிறு இடம் மிஞ்சுகிறது. பயமும் பதற்றமும் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கச் செய்கின்றன. அவை கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகின்றன. ஆறுதல் தரும் எதுவும் இந்த ஏற்றத்தைத் தணிக்கலாம். உணவின் மணமும் சுவையும் பட்டவுடனேயே, சர்க்கரை இரத்தத்தை எட்டும் முன், கணையம் சிறிதளவு இன்சுலினைச் சுரப்பதும் அறியப்பட்டதே. செருமனியில் உருசுலா ஸ்டாக்கார்ஸ்ட் குழுவினர், ஒரு மணத்தோடு இன்சுலினைப் பலமுறை இணைத்துக் கொடுத்தபின், இன்சுலின் இல்லாமல் அந்த மணத்தை மட்டும் காட்டி உடலின் எதிர்வினைகளை ஆராய்ந்தனர். மணி ஓசைக்கு எச்சில் ஊறிய பாவ்லவின் நாயின் வழியில் வந்த ஆய்வுகள் இவை.

2016இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான்மோ பார்க், எலன் லாங்கர் முதலியோர் வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. நீரிழிவுள்ள 46 பேர் 90 நிமிடம் ஓர் அறையில் அமர்ந்து கணினி விளையாட்டு ஆடினர். அவர்களுக்கு எதிரே இருந்த கடிகாரம் சிலருக்குச் சரியாகவும், சிலருக்கு இருமடங்கு வேகமாகவும், சிலருக்குப் பாதி வேகத்திலும் ஓடியது. கூடுதல் நேரம் கழிந்ததாக நம்பியவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்கியிருந்தது. சிறிய ஆய்வு, ஒரே அமர்வு. ஒன்றரை மணி நேரத்தில் தெரியும் இத்தகைய அசைவுக்கும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவுக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது பிந்தையது.

இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகை நீரிழிவில் இந்தச் சிறு இடமும் பயன்படாது. 1922 சனவரியில் கனடாவின் தொராண்டோவில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத் தூய்மைப்படுத்திய இன்சுலின் தரப்பட்டபோது, 520 இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120க்கு இறங்கியது. அதற்கு முன் அந்நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் நம்பிக்கையோடு கொடுக்காத மருந்தில்லை. ஒன்றும் உயிரைப் பிடித்து நிறுத்தவில்லை.

சூனாம்பேடு

திண்டிவனத்துக்கு வடகிழக்கே, செய்யூர் வட்டத்தில் உள்ள சூனாம்பேட்டைச் சுற்றிய 42 சிற்றூர்களில் மருத்துவர் வி. மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒரு திட்டத்தை நடத்தியது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவி உள்ளிட்ட சாதனங்களுடன், செயற்கைக்கோள் இணைப்புக் கொண்ட ஊர்தி ஒன்று ஊர் ஊராகச் சென்றது. 2012இல் வெளியான அறிக்கையின்படி 23,380 பேர், அதாவது வயதுவந்தோரில் 86.5 விழுக்காட்டினர், பரிசோதிக்கப்பட்டனர். 1,138 பேருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது. ஓராண்டில் அவர்களின் எச்பிஏ1சி சராசரி 9.3இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

இங்கே மருந்துப்போலிக் குழு இல்லை, இருந்திருக்கவும் கூடாது. நோய் கண்டவர்களுக்கு உண்மையான மருந்து தருவதே திட்டத்தின் நோக்கம். 0.8 புள்ளி இறக்கத்தில் மாத்திரைக்கு எவ்வளவு, வாசலுக்கு வந்த ஊர்திக்கு எவ்வளவு, சராசரிக்குத் திரும்பும் போக்குக்கு எவ்வளவு என்று பிரிப்பது ஆய்வாளரின் ஆர்வம். திண்டிவனத்துக்கோ சென்னைக்கோ பேருந்து ஏறி ஒருநாள் கூலியை இழக்காமல் மருத்துவம் பெற்றவருக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை.

கலப்படமும் சட்டமும்

தீங்கற்றது என்று விற்கப்படும் பொருள் சர்க்கரையை மெய்யாகவே இறக்கினால் மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டிய காரணமும் உண்டு. 2008இல் சிங்கப்பூரில் நீரிழிவு இல்லாத 150 பேர் சில மாதங்களுக்குள் கடுமையான சர்க்கரைத் தாழ்நிலையோடு மருத்துவமனைகளில் சேர்ந்தனர். நால்வர் இறந்தனர். ஆண்மை மருந்து என்று விற்கப்பட்ட மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது கண்டறியப்பட்டது. மூலிகைப் பொடி என்ற பெயரில் வருவனவற்றிலும் இவ்வகைக் கலப்படம் பல நாடுகளில் பிடிபட்டுள்ளது. இரண்டே நாளில் சர்க்கரையை இறக்கும் பெயரில்லாப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் இலையாக இராது.

இந்தியாவில் நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் அச்சட்டம் படும் பாடு தனிக் கதை. மருந்தாய்வுகள் 2007இல் தொடங்கிய இந்திய மருந்தாய்வுப் பதிவகத்தில் பதிவு செய்யப்படுகின்றன. 2009 சூனிலிருந்து இப்பதிவு கட்டாயம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, வழக்கமான மருத்துவம் கிடைக்கக்கூடிய நிலையில் அதைத் தராமல் மருந்துப்போலி மட்டும் தந்ததால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தரப்பட வேண்டும். ஆகவே இன்று நீரிழிவு ஆய்வுகளில் மருந்துப்போலி பெறுபவரும் தமது பழைய மருந்தைத் தொடர்ந்து உண்டுகொண்டே கூடுதலாக அந்த வெற்று மாத்திரையை உண்பதே பெருவழக்கு.

2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி மாநிலமெங்கும் விரிந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களிலும் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளுக்கான மாத்திரைகள் வீட்டிலேயே தரப்படுகின்றன. கொண்டுவரும் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போன மாதத்து அட்டை காலியாகியிருக்கிறதா என்றும் அவர் கேட்டுப் பார்க்கிறார்.